கிராண்ட்மாஸ்டர் என்னும் பட்டம்

பட்டங்கள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. அரசர் அளித்த பட்டங்கள் உண்டு. ஆதீனங்கள் அளித்தவை உண்டு. வெள்ளையர் ஆட்சியில் ராவ்பகதூர், திவான்பகதூர் என்று வழங்கியவை உண்டு. ஊரார் பொன்னாடையோடு சேர்த்துப் போர்த்திவிடும் பட்டங்களுக்கோ கணக்கே இல்லை. பல்கலைக்கழகத்தில் பயின்று பெறும் பட்டம் இவற்றினின்றும் வேறானது. அதற்குப் பாடம் உண்டு, தேர்வு உண்டு. ஆயினும் அங்கும் விடைத்தாளைத் திருத்துபவர் ஒருவர் இருக்கிறார். மாலை நேரத்துக் காப்பி நன்றாக அமைந்திருந்தால் அவருடைய பேனா சற்றுத் தாராளமாகவே ஓடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் இதனை நான் நன்கு அறிவேன்.

மாணவ நண்பர்களே, இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்டிருப்பது சதுரங்க ஆட்டத்தில் வழங்கப்பெறும் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தின் வரலாறு. இந்தப் பட்டத்திற்குரிய தேர்வில் மதிப்பெண் இடுபவர் யார் தெரியுமா? எதிரே அமர்ந்து, நம்மைத் தோற்கடிப்பதையே நோக்கமாகக் கொண்டு, ஐந்து மணி நேரம் வாய் திறவாமல் பலகையை உற்று நோக்கிக்கொண்டிருக்கும் எதிரிதான். அவர் இரக்கத்தினால் அரை மதிப்பெண்ணும் போடமாட்டார். அத்தகைய எதிரிகள் இருபத்தேழு பேரையேனும் கடந்து சென்றால்தான் பட்டம் கைக்கு வரும். வந்துவிட்டால், பின்பு அது ஆயுள் முழுவதும் நிற்கும். உலக சாம்பியன் என்ற முடியை அடுத்த ஆட்டத்திலேயே இழக்கலாம். கிராண்ட்மாஸ்டர் பட்டம் முதுமை வந்தாலும், ஆட்டம் தளர்ந்தாலும் போவதில்லை.

இப்பட்டத்தின் தோற்றத்தைப்பற்றி ஓர் அழகிய கதை வழங்குகிறது. 1914ஆம் ஆண்டில் ருஷ்யத் தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெரும் சதுரங்கப் போட்டி ஒன்று நடைபெற்றது. இறுதிச் சுற்றுக்கு ஐவர் வந்து சேர்ந்தனர்: லாஸ்கர், காபபிளாங்கா, அலெக்கின், தாராஷ், மார்ஷல். லாஸ்கர் முதலிடம் பெற்றார். சார் மன்னர் இரண்டாம் நிக்கலஸ் இவ்வைவரையும் கிராண்ட்மாஸ்டர்கள் என்று அழைத்துச் சிறப்புச் செய்தார் என்பது கதை. எத்தனையோ நூல்களில் இதனைக் காணலாம்.

சரித்திரம் பயில்பவர் இங்கே சற்று நிற்க வேண்டும். இச்செய்தி எங்கிருந்து வந்தது? அந்த ஐவருள் ஒருவராகிய மார்ஷலின் பெயரால் 1942இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் இது காணப்படுகிறது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள். போட்டி நடந்த காலத்துப் பத்திரிகைகளைத் துருவிப் பார்த்த சதுரங்க வரலாற்றாசிரியர்கள் இதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று சொல்லி ஐயுறுகின்றனர். மேலும், அந்தச் சொல் மன்னர் படைத்ததும் அன்று. 1907இல் பெல்ஜிய நாட்டு ஆஸ்டெண்டு நகரில் ஆறு பேர் மட்டும் ஆடிய உயர்நிலைப் போட்டியை ஒட்டியே அச்சொல் வழக்கில் இருந்தது. மன்னர் கையால் பெற்ற பட்டம் என்றால் கேட்பவர்க்கு இனிக்கிறது. ஆதலால் கதை நிலைத்துவிட்டது. நம் ஊர்க் கோயில்களின் தலபுராணங்களையும் கல்வெட்டுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இவ்வகை நிலைபேறு வியப்பளிக்காது.

அக்காலத்தில் இது வெறும் புகழ்ச்சிச் சொல்லே. பத்திரிகையாளர் விரும்பினால் எழுதுவர். போட்டி நடத்துபவர் விரும்பினால் அழைப்பிதழில் போடுவர். சட்டமுறையில் பட்டமாக முதலில் ஏற்படுத்தியது சோவியத் ருஷ்யா. 1927இல் தன் நாட்டு ஆட்டக்காரர்க்கென்று அதனை வகுத்தது. 1929இல் சோவியத் சாம்பியன் போட்டியில் வென்ற போரிஸ் வெர்லின்ஸ்கி அப்பட்டத்தைப் பெற்றார். இளமையில் நோயினால் செவிப்புலனை இழந்தவர் அவர். 1925இல் மாஸ்கோவில், அப்போது உலக சாம்பியனாக இருந்த காபபிளாங்காவையே ஓர் ஆட்டத்தில் வீழ்த்தியவர். ஆனால் 1931இல் பட்டமே ஒழிக்கப்பட்டது. 1935இல் மீண்டும் கொண்டுவந்தபோது இளைஞரான போத்வின்னிக்குக்கு அளித்து, அவரையே முதல் கிராண்ட்மாஸ்டர் என்று அறிவித்தனர். வெர்லின்ஸ்கிக்கு அது திரும்பி வரவே இல்லை. கொடுத்த கையே எடுத்துக்கொண்டது. எடுத்த கை மறந்தும்போயிற்று.

உலகப் பொதுவான பட்டமாக இது அமைந்தது 1950இல். 1924இல் பாரிஸ் நகரில் தோன்றிய உலகச் சதுரங்கக் கூட்டமைப்பாகிய ஃபிடே, அவ்வாண்டு 27 பேரைக் கிராண்ட்மாஸ்டர்கள் என்று அறிவித்தது. அந்தப் பட்டியல் படிக்கச் சுவையானது. ஒரு பக்கத்தில் போத்வின்னிக், ஸ்மிஸ்லோவ், பிரான்ஸ்டைன், கெரெஸ், நஜ்டார்ப் என்று அன்று ஆடிக்கொண்டிருந்த வீரர்கள். மறுபக்கத்தில், பழம்பெருமைக்காக மதிக்கப்பட்ட முதியோர். ஜெர்மனியில் பிறந்து, யூதராதலால் அங்கிருந்து தப்பி இங்கிலாந்தில் புகலடைந்த ஜாக் மீசஸுக்கு அப்போது வயது 85. போலந்தில் பிறந்த மேதை அக்கிபா ரூபின்ஸ்டைன் 1932க்குப் பிறகு போட்டிகளில் ஆடாமல், மனநலம் குன்றிப் பெல்ஜியத்தில் ஒதுங்கி வாழ்ந்தவர். அவரையும் மறவாமல் சேர்த்தனர். செய்தது நல்ல காரியமே.

ஆனால் அப்பட்டியலில் இல்லாத ஒரு பெயரைப்பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அவர் மீர் சுல்தான் கான்.

பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சர்கோதாப் பகுதியைச் சேர்ந்தவர் சுல்தான் கான். தந்தையிடம் சிறுவயதிலேயே சதுரங்கம் கற்றார். அது இந்திய முறைச் சதுரங்கம். அம்முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் பாய்வதில்லை. அரசனைக் கோட்டைக்குள் சேர்க்கும் முறையும் வேறு. ஆகையால் ஆட்டம் மெல்ல மெல்லவே சூடு பிடிக்கும். இந்த ஆட்டத்தில் ஊறிய ஒருவரை, சர் உமர் ஹயாத் கான் என்னும் நிலக்கிழார் ஐரோப்பிய முறையில் பழக்கி, 1929இல் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். சென்ற அவ்வாண்டிலேயே சுல்தான் கான் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார்! 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் வென்றார். ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930-31ஆம் ஆண்டுப் போட்டியில் காபபிளாங்காவைத் தோற்கடித்தார். ஒலிம்பியாடு போட்டிகளில் இங்கிலாந்துக் குழுவின் முதற்பலகையில் அமர்ந்து ஆடினார். 1931இல் பிராகு நகரில் ஃப்ளோரும், அந்த ரூபின்ஸ்டைனும் அவரிடம் தோற்றனர்.

தொடக்க ஆட்ட முறைகளைப்பற்றி ஐரோப்பியர் நூல் நூலாக எழுதிவைத்திருந்தனர். அவற்றைப் பயிலாமலே இவர் பலகைக்கு வந்தார். பதினைந்து இருபது நகர்த்தல்வரை இவர் நிலை இடர்ப்பாடாகவே இருக்கும். பின்பு காய்கள் குறைந்து ஆட்டம் இறுதிக்கட்டத்தை நெருங்கும்போது, எதிரியின் கையிலிருந்து வெற்றி நழுவத் தொடங்கும். புத்தகம் இல்லாமல் பலகையிலேயே சிந்தித்துச் சிந்தித்து வந்த பலம் அது. சில ஆங்கில நூல்கள் இவரை வேலைக்காரர் என்றே குறிப்பிட்டன. அவருடைய பேத்தி அதனை மறுத்து எழுதியிருக்கிறார். பிறர் நம்மவரைப்பற்றி எழுதியதை அப்படியே எடுத்து ஒப்பிக்கும் முன் வீட்டாரையும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. இன்னொரு செய்தியும் இங்கே சொல்லத்தக்கது. உமர் ஹயாத் கான் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்ற பெண்மணி 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் ஆனார். ஒரே ஆண்டில் ஆடவர் முடியும் மகளிர் முடியும் ஒரே வீட்டுக்கு வந்தன.

1933இன் இறுதியில் சுல்தான் கான் தாய்நாடு திரும்பினார். அதன்பின் அவர் உலக அரங்கில் தோன்றவில்லை. 1950இல், 27 பேரைத் தேர்ந்தெடுத்தபோது, அவர் உயிரோடுதான் இருந்தார். ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டு ஆகிவிட்டது என்று சொல்லமுடியாது, ரூபின்ஸ்டைனும் விட்டவர்தாம். அவரை வென்றவர்க்கு இல்லாத பட்டம் அவருக்குக் கிடைத்தது. அந்த அவையில் சுல்தான் கானுக்காக எழுந்து பேச ஒரு நாடு இல்லை, ஒரு சங்கம் இல்லை என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன். காசநோயினால் 1966இல் அவர் மறைந்தார். 2024 பிப்ரவரியில், அவர் மறைந்து ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டு கழிந்த பின்னர், ஃபிடே அவருக்குக் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அறிவித்தது. அதனை வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

குழு கூடிப் பெயர் சொல்லிப் பட்டம் தரும் முறையில் இத்தகைய குறைகள் நேரும். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில் அரசியல் புகும். போகோல்யுபோவ் என்ற பெரும் ஆட்டக்காரர்க்கு 1950இல் மறுத்ததை 1951இல் கொடுத்தார்கள். ஓராண்டில் அவர் ஆட்டம் என்ன உயர்ந்துவிட்டது? இக்குறையைப் போக்கக் கணிதம் வந்தது. அதனைக் கொண்டுவந்தவர் அர்பாடு ஈலோ. ஹங்கேரியில் 1903இல் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்றவர். மில்வாக்கி நகரத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். நல்ல சதுரங்க ஆட்டக்காரருங்கூட. ஒவ்வோர் ஆட்டக்காரரின் பலத்தையும் ஓர் எண்ணால் குறிக்கலாம் என்றார் அவர். இருவருக்கிடையே அந்த எண்ணில் 200 வேறுபாடு இருந்தால், பலமுள்ளவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 75 புள்ளி பெறவேண்டும். அதற்கு மேல் பெற்றால் அவர் எண் உயரும்; குறைந்தால் இறங்கும். மெலியவரை எத்தனை முறை வென்றாலும் எண் சிறிதே ஏறும். வலியவரை ஒருமுறை வென்றால் மளமளவென்று ஏறும். அமெரிக்கச் சதுரங்கச் சங்கம் 1960இலும், ஃபிடே 1970இலும் இம்முறையை ஏற்றன. இந்த எண்ணுக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் தரப்புள்ளி என்று பெயரிட்டுள்ளன. பொருத்தமான சொல்.

இப்போது கிராண்ட்மாஸ்டர் ஆவதற்குரிய விதிகளைச் சொல்கிறேன். விருப்பமுள்ளோர் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, ஆட்டக்காரரின் தரப்புள்ளி ஒருமுறையேனும் 2500ஐத் தொடவேண்டும். இரண்டாவது, நார்ம் எனப்படும் தகுதிச் சாதனைகள் பெற வேண்டும். பெரும்பாலும் அவை மூன்று. எல்லாம் சேர்ந்து குறைந்தது 27 ஆட்டங்கள். ஒரு நார்ம் என்பது, ஒரு போட்டியில், சாதாரணமாக ஒன்பது ஆட்டங்களில், 2600 தரமுள்ளவர் ஆடுவதுபோல ஆடிக் காட்டுவதாகும். அதாவது வாசலில் நுழைய 2500 போதும். ஆனால் உள்ளே இருந்து மூன்றுமுறை 2600இன் உயரத்திற்குத் தாவிக் காட்டவேண்டும்.

இதன் கடுமை எண்ணில்தான் தெரியும். எதிராளிகளின் சராசரித் தரம் 2380 என்று வைத்துக்கொள்வோம். விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த சராசரி அதுவே. அப்போது ஒன்பது ஆட்டங்களில் 7 புள்ளி வேண்டும். சராசரி 2475 ஆனால் 6 புள்ளி போதும். வெற்றிக்கு ஒரு புள்ளி, சமனுக்கு அரைப்புள்ளி. எட்டு ஆட்டம் ஆடி ஆறரைப் புள்ளி பெற்ற ஓர் இளைஞன் ஒன்பதாம் நாள் காலை பலகையின் முன் அமர்கிறான். சமன் செய்தால் நார்ம், தோற்றால் ஒன்றுமில்லை. ஆறரைக்குப் பாதி நார்ம் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எதிராளிகளில் மூன்றில் ஒருவரேனும் ஏற்கெனவே கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நாட்டினராகவும் இருத்தல் கூடாது. இந்தக் கடைசி விதி சிறியதாகத் தோன்றும். ஆனால் நம்மைப்போன்ற நாடுகளை நெடுங்காலம் வெளியே நிறுத்திவைத்தது இதுதான். கிராண்ட்மாஸ்டர் ஆகவேண்டுமானால் கிராண்ட்மாஸ்டர்களோடு ஆடவேண்டும். அவர்கள் இருப்பதோ ஐரோப்பாவில். போய்வரப் பணம் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும், விடுமுறை வேண்டும்.

மானுவேல் ஆரோன் அவர்களின் காலத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பர்மாவில் 1935இல் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த அவர் 1961இல், கிராண்ட்மாஸ்டருக்கு அடுத்த படியாகிய இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தைப் பெற்றார். இந்தியாவில் அதுவே முதல். சதுரங்கத்திற்கு முதல் அர்ஜுனா விருதும் அவருக்கே. 1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்ஸோனல் போட்டியில் கடைசி இடமே அவருக்குக் கிடைத்தது. ஆயினும் போர்ட்டிஷ், ஊல்மன் என்னும் ஐரோப்பியப் புலிகள் இருவரை அங்கு அவர் வீழ்த்தினார். மொத்தம் ஒன்பது முறை தேசிய சாம்பியனாக விளங்கினார். அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாய்க்கவில்லை. பட்டம் இல்லாத காரணத்தால் அவர் சிறியவர் என்று எண்ணுவோர் சதுரங்கம் அறியாதவர். 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு நிலையத்தில் அவர் பங்கோடு தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில், நூல்கள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன, ஆட ஆள் இருந்தார்கள். அக்கழகத்திற்கு வந்து ஆடிய சிறுவர்களில் ஒருவர் விசுவநாதன் ஆனந்த்.

ஆனந்த் அவர்களின் கதையை நீங்கள் அறிவீர்கள். எனவே விரைந்து செல்கிறேன். 1969இல் மயிலாடுதுறையில் பிறந்தார். ஆறு வயதில் தாயார் சுசீலா கற்பித்தார். 1987இல் உலக ஜூனியர் சாம்பியன். கோயம்புத்தூரில் நடைபெற்ற சக்தி ஃபைனான்ஸ் சர்வதேசப் போட்டியில் வென்று, 1988இல், பதினெட்டு வயதில், இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்போட்டி ஐரோப்பாவில் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்! வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கோயம்புத்தூருக்கே அழைத்து வந்தார்கள். மலையிடம் போக இயலாவிட்டால் மலையை அழைத்துக்கொள்வதுதான். ஆரோன் அவர்களின் பட்டத்திற்கும் ஆனந்த் அவர்களின் பட்டத்திற்கும் இடையே 27 ஆண்டுகள்.

அதன்பிறகும் கதவு அகலத் திறந்துவிடவில்லை. திவ்யேந்து பருவா 1991இல் இரண்டாமவர். பிரவீண் திப்சே 1997இல் மூன்றாமவர். பத்து ஆண்டில் மூவர். 2000இல் சசிகிரண் முதலியோர் வந்தபின்புதான் வேகம் பிறந்தது. 2018இல் பிரக்ஞானந்தாவும், 2019இல் குகேஷும் பன்னிரண்டு வயதிலேயே பட்டம் பெற்றனர். குகேஷ் 2024 டிசம்பரில், பதினெட்டு வயதில், உலக சாம்பியனும் ஆனார். இந்தியக் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டினர்.

இச்செய்திகளைப் பத்திரிகைகள் வெளியிடும் முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பன்னிரண்டு ஆண்டு, ஏழு மாதம், பதினேழு நாள் என்று ஜாதகம் கணிப்பதுபோல் வயதைக் கணிக்கிறார்கள். அதைப் படிக்கும் பெற்றோர், தம் பிள்ளைக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டதே என்று கவலைப்படத் தொடங்குகின்றனர். தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட தந்தையர் பலர் விடுப்பு விண்ணப்பத்தோடு என் அறைக்கு வந்ததுண்டு. ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மகனை மூன்று கோடைகளில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். முதற்பயணத்துக்குச் சேமிப்பு கரைந்தது, இரண்டாவதற்கு மனைவியின் நகை, மூன்றாவதற்கு வீட்டுமனை. பையன் கெட்டிக்காரன், உழைப்பாளி. இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனான், ஒரு கிராண்ட்மாஸ்டர் நார்மும் பெற்றான், அத்தோடு நின்றுவிட்டான். இப்போது அவன் நாற்பது சிறுவர்களுக்குச் சதுரங்கம் கற்பிக்கிறான்; நன்றாகவே கற்பிக்கிறான். அந்தத் தந்தை செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், மனையை விற்குமுன் என்னிடம் வந்திருந்தால் நான் தடுத்திருப்பேன் என்றே சொல்வேன். ஆனால் அவர் என்னிடம் ஒருநாளும் வருத்தம் தெரிவித்ததில்லை. அதனையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

இளையவர்களின் சாதனையைக் காட்டிலும் என் உள்ளத்தைக் கவர்ந்தது ஷியாம் நிகில் என்னும் தமிழ்நாட்டு வீரரின் கதை. 2012ஆம் ஆண்டிலேயே அவர் 2500 தரப்புள்ளியைக் கடந்துவிட்டார். இரண்டு நார்ம்களும் கையில் இருந்தன. வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அவர் காத்திருந்த அந்தக் காலத்தில், அவர் முதல் நார்ம் பெற்றபோது அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவரைத் தாண்டிச் சென்று கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள். எத்தனை போட்டிகள், எத்தனை இரயில் பயணங்கள், எத்தனை கடைசிச் சுற்றுக்கள்! 2024இல் துபாய் போலீஸ் மாஸ்டர்ஸ் போட்டியில் அந்த மூன்றாம் நார்ம் வந்தது. இந்தியாவின் 85ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. பன்னிரண்டு வயதில் பெற்றவருடைய பட்டத்திற்கும் இவருடைய பட்டத்திற்கும் சான்றிதழில் வேறுபாடு ஏதும் கிடையாது.

1950இல் 27 பேர் என்றேன். இன்றுவரை பட்டம் பெற்றவர் ஏறத்தாழ இரண்டாயிரவர். எண்ணிக்கை பெருகியதால் மதிப்புக் குறைந்துவிட்டது என்போர் உளர். 2700க்கு மேல் தரப்புள்ளி உள்ளவரையே உண்மையான பெரியோர் என்று தனியாகப் பிரித்துப் பேசும் வழக்கமும் வந்துவிட்டது. இதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் கோடிக்கணக்கானோர் ஆடும் ஓர் ஆட்டத்தில், எழுபத்தைந்து ஆண்டுகளில் இரண்டாயிரம் பேர் என்பது அப்படியொன்றும் பெருந்திரள் அன்று. பட்டத்தின் விலை குறையவில்லை என்பதற்கு வேறொரு சான்றும், வருந்தத்தக்கதே ஆயினும், உண்டு. 2019இல் இகோர்ஸ் ரவுஸிஸ் என்னும் கிராண்ட்மாஸ்டர், வயது ஐம்பத்தெட்டு, பிரான்சில் ஒரு போட்டியின் நடுவே கழிப்பறையில் கைப்பேசியோடு பிடிபட்டார். இன்றைய கைப்பேசியில் உள்ள சதுரங்க நிரல் எந்த உலக சாம்பியனையும் வெல்லவல்லது. ஃபிடே அவருடைய பட்டத்தைப் பறித்து ஆறு ஆண்டு விலக்கியும் வைத்தது. ஆயுட்காலப் பட்டம் என்றேனே, அதுவும் இவ்வாறு பறிபோகலாம். தேர்வு மண்டபத்தில் துண்டுக் காகிதம் பிடித்து அலுத்த எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

மகளிரைப்பற்றிச் சொல்லாமல் முடித்தல் ஆகாது. 1976 முதல் மகளிர்க்கென்று தனிக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் ஒன்று உண்டு. அதற்குரிய வரம்பு தாழ்வானது. தமிழ்நாட்டின் விஜயலட்சுமி 2001இல் அதனை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றார். ஆனால் ஆடவரும் பெண்டிரும் ஒரே அளவுகோலால் அளக்கப்பெறும் முழுப் பட்டத்தைப் பெற்ற முதற் பெண்மணி, ஜார்ஜியா நாட்டு நோனா கப்ரிந்தாஷ்விலி. 1977இல் அமெரிக்காவில் லோன் பைன் என்ற இடத்தில் ஆடவரோடு ஆடி முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். விதிப்படி வேண்டிய ஆட்ட எண்ணிக்கை சிறிது குறைந்திருந்தும், ஃபிடே 1978இல் அவருக்குப் பட்டம் அளித்தது. குறையைச் சுட்டிக்காட்டி முணுமுணுத்தோரும் இருந்தனர். 2020இல் வெளிவந்த புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர் ஒன்று, அவர் ஆடவரோடு ஆடியதே இல்லை என்று ஒரு வசனத்தில் கூறிவிட்டது. எண்பது வயதிலும் அவர் அதனை விட்டுவிடவில்லை. அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 2022இல் அது சமாதானத்தில் முடிந்தது. 1991இல் ஹங்கேரியின் சூசன் போல்கார், தரப்புள்ளி, நார்ம் இரண்டையும் ஒரு குறையுமின்றி நிறைவேற்றிப் பட்டம் பெற்று அந்த முணுமுணுப்புக்கு இடமில்லாமல் செய்தார். அதே ஆண்டின் இறுதியில் தங்கை ஜூடித் பதினைந்து வயதிலேயே பட்டம் பெற்று, 1958 முதல் பாபி ஃபிஷர் பெயரில் இருந்த சாதனையை முறியடித்தார்.

இந்தியாவில் கோனேரு ஹம்பி 2002இலும், ஹரிகா 2011இலும், சென்னை வைசாலி 2023இல் தரப்புள்ளி 2500ஐக் கடந்தும் இவ்வரிசையில் வந்தனர். வைசாலி பிரக்ஞானந்தாவின் தமக்கை. உடன்பிறந்த சகோதரனும் சகோதரியும் கிராண்ட்மாஸ்டர்களாக விளங்குவது உலகில் இதுவே முதல்முறை. நான்காமவர் நாகபுரியைச் சேர்ந்த திவ்யா தேஷ்முக். நார்ம்களின் கணக்கைச் சுற்றிப் போகாமல் நேரே உள்ளே செல்லும் வழிகள் சில விதிகளில் உண்டு. மகளிர் உலகக் கோப்பையை வெல்வது அவற்றுள் ஒன்று. 2025 ஜூலையில் அப்போட்டி நோனாவின் ஜார்ஜியாவில், பட்டூமி என்னும் கடற்கரை நகரில் நடைபெற்றது. அங்கே சென்றபோது திவ்யாவின் கையில் ஒரு நார்ம் கூட இல்லை. வயது பத்தொன்பது. இறுதி ஆட்டத்தில் எதிரே அமர்ந்திருந்தவர், அவர் பிறப்பதற்கு மூன்று ஆண்டு முன்பே கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்ட ஹம்பி. இரண்டு ஆட்டங்கள் சமனாயின. சமன்முறிவு விரைவு ஆட்டத்தில் திவ்யா வென்றார். இந்தியாவின் 88ஆவது கிராண்ட்மாஸ்டராக அவர் ஊர் திரும்பினார்.